ஹைட்ராலிக் ஜாக் பிளேட் வாங்குறதுக்கு முன்னாடி செட்பேக்கை முடிவு பண்ணுங்க

உங்க கேள்வியை ஒரு தடவை நானே சொல்லிப் பாத்துக்கறேன். 19 அடி ஃபைபர்கிளாஸ் பாஸ் போட் (பாஸ் மீன் பிடிக்கிற வேகப் படகு), செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, 200 ஹெச்பி அவுட்போர்டு மோட்டார் நேரா டிரான்ஸம்லயே, அதாவது படகோட பின்சுவர்லயே, போல்ட் பண்ணி இருக்கு, இப்ப மோட்டாருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவுல உக்கார்ற ஹைட்ராலிக் ஜாக் பிளேட் போடணும், 6 இஞ்சா 10 இஞ்சா 12 இஞ்சா, எந்த கம்பெனி, எத்தனை மைல் ஸ்பீடு கூடும்னு கேட்டிருக்கீங்க. கம்பெனி பேரைத்தான் முதல்ல எதிர்பாக்குறீங்கன்னு தெரியுது, ஆனா நீங்க உண்மையில கேக்குறது மூணு விஷயம்: மோட்டாரை எவ்வளவு பின்னாடி தள்ளணும், எவ்வளவு மேல தூக்கணும், அந்த உயரத்தை ஓட்டிட்டு இருக்கும்போதே மாத்துற வசதி உங்களுக்குத் தேவையா. இதுல ரெண்டாவதையும் மூணாவதையும் பின்னாடி திருத்திக்கலாம். முதலாவது, அதாவது செட்பேக், வாங்குற அன்னைக்கே முடிஞ்சு போயிடும், எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் 12 இஞ்ச் 8 இஞ்சா ஆகாது. நான் பல வருஷமா அவுட்போர்டு ரிக்கிங், அதாவது மோட்டாரைப் படகுல மாட்டி செட் பண்ற வேலைதான் பாக்குறேன், பிளேட் போட்டுட்டு வருத்தப்பட்டு வந்தவங்கள்ல பாதிப்பேர் செட்பேக்கை அதிகமா எடுத்தவங்கதான், அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.

ஜாக் பிளேட் ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு மோட்டாரை டிரான்ஸத்துல இருந்து பின்னாடி தள்ளி வைக்குது, இன்னொண்ணு மோட்டாரை நேர் செங்குத்தா ஏத்தி இறக்குது. ட்ரிம்முக்கும் இதுக்கும் குழப்பிக்க வேண்டாம், ட்ரிம் பண்ணினா, அதாவது மோட்டாரைச் சாய்ச்சா, ப்ராப் (தண்ணியைத் தள்ளுற விசிறி) தள்ளுற கோணம் மாறும், பிளேட்டை ஏத்தினா கோணம் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் மாறும். படகு வேகமா ஓடும்போது அடிப்பாகத்துக்குக் கீழ அமுங்கி வர்ற தண்ணி டிரான்ஸத்தைத் தாண்டினதும் மேல எழும்பும், நீங்களே பின்னாடி திரும்பிப் பாத்தா அந்த மேடு தெரியும். மோட்டாரைப் பின்னாடி தள்ளினா ப்ராப் அந்த எழும்பின, குழப்பம் கம்மியான தண்ணியில வேலை செய்யும், அதனால மோட்டாரை இன்னும் கொஞ்சம் மேல தூக்க முடியும், தூக்கினா கியர்கேஸ் (தண்ணிக்குள்ள இருக்குற மோட்டாரோட கீழ்ப்பகுதி) தண்ணியில இழுபடுற பரப்பு குறையும், ஸ்பீடு வர்றது அங்கதான். தோராயக் கணக்கு ஒண்ணு ரிக்கிங்ல எல்லாரும் சொல்லுவாங்க, 8லேருந்து 10 இஞ்ச் செட்பேக்குக்கு ஒரு இஞ்ச் தூக்கலாம்னு. இது ஆரம்பிக்குற இடம் அவ்வளவுதான், ஹல்லுக்கு ஹல் (படகோட உடம்பு) மாறும்.

இப்ப இதுக்குக் குடுக்குற விலை. அவுட்போர்டோட எடை சின்னது இல்ல, மெர்குரி 250 ப்ரோ எக்ஸ்எஸ் வி8 எடுத்துக்கிட்டா 505 பவுண்டு, உங்க 200 அதைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கலாம், கணக்குக்கு 505ன்னே வைங்க. மோட்டாரோட எடை மையம் டிரான்ஸத்துல இருந்து பேச்சுக்கு 10 இஞ்ச் பின்னாடின்னு வெச்சா, டிரான்ஸத்தைப் பின்னாடி இழுக்குற நெம்பு விசை 505 பெருக்கல் 10, 5,050 இஞ்ச் பவுண்டு. 8 இஞ்ச் செட்பேக் போட்டா அது 9,090 ஆகுது. 12 இஞ்ச் போட்டா 11,110, அதாவது ரெண்டு மடங்குக்கும் மேல. இதுல பிளேட்டோட சொந்த எடையை நான் சேக்கவே இல்ல, ஹைட்ராலிக் பிளேட்டுன்னா அது மட்டுமே 50 பவுண்டுக்கு மேல வரும். இது படகு சும்மா நிக்கும்போது உள்ள கணக்கு, டிரெய்லர்ல ஒரு பள்ளத்துல விழுந்து எழும்பும்போது இதே பாரம் பல மடங்கா டிரான்ஸத்தைக் குத்தும்.

அடுத்தது படகோட பின்பாரம். லைவ்வெல்லுல (பிடிச்ச மீனை உயிரோட வைக்குற தொட்டி) 30 கேலன் தண்ணி நிரப்பினா ஏறக்குறைய 250 பவுண்டு, 40 கேலன் பெட்ரோல் கிட்டத்தட்ட 245 பவுண்டு, டிரோலிங் மோட்டாருக்கு (மெதுவா நகர்த்துற சின்ன மின் மோட்டார்) குரூப் 31 லெட் ஆசிட் பேட்டரி மூணுன்னா ஒவ்வொண்ணும் 60 பவுண்டுக்கு மேல, இதெல்லாம் பெரும்பாலும் படகோட பின்பாதியிலதான் உக்காந்திருக்கு. அதுக்கும் பின்னாடி 500 பவுண்டு மோட்டாரை ஒரு அடி தள்ளி வெச்சா படகு நிக்கும்போது பின்பக்கம் அமுங்கும், த்ரோட்டிலைச் சட்டுனு விட்டா பின்னலை டிரான்ஸம் மேல ஏறும், கிளம்பும்போது மூக்கு வானத்தைப் பாக்கும், பிளேனுக்கு வர, அதாவது எழும்பி தண்ணி மேல வழுக்கி ஓட, லேட்டாகும், சில படகு தவளை மாதிரி முன்னும் பின்னும் துள்ள ஆரம்பிச்சிடும். படகு சின்னதாக ஆக இதெல்லாம் கூடும். அதனால 16, 17, 18 அடி அலுமினியப் படகுன்னா நான் 4லேருந்து 6 இஞ்சுக்கு மேல போக மாட்டேன், 20, 21 அடி ஃபைபர் படகுன்னா 10, 12 தாராளமா போகும். உங்க 19 அடி நடுவுல இருக்கு. நேர்ல பாக்காம ஒரே நம்பர் சொல்றது சரியில்லதான், இருந்தாலும் உங்க இடத்துல நான் இருந்தா 8 இஞ்ச் எடுப்பேன், பேட்டரியை லித்தியத்துக்கு மாத்திட்டீங்க, பின்பக்கம் லேசா இருக்குன்னா 10. 12 வேண்டாம்.

ஒரு விஷயம் பாத்துட்டு வாங்க. டிரெய்லர்ல நிக்கும்போது படகுக்குக் கீழ குனிஞ்சு நடுப் பேடு (அடிப்பாகத்து நடுவுல இருக்குற தட்டையான பட்டை) எங்க முடியுதுன்னு பாருங்க. சில ஹல்லுல பேடு டிரான்ஸத்துக்கு நாலஞ்சு இஞ்ச் முன்னாடியே வெட்டுப்பட்டு முடிஞ்சிடும், அந்த இடைவெளியே ஒரு செட்பேக் மாதிரிதான், அதையும் கணக்குல கூட்டிக்கணும். இதைப் பாக்காம 10 இஞ்ச் பிளேட் வாங்கினவங்களுக்கு நிஜத்துல 14, 15 இஞ்ச் செட்பேக் ஆயிடுது, அப்புறம் படகு ஏன் இப்படித் துள்ளுதுன்னு ப்ராப்பா மாத்தி மாத்தி காசைக் கரைப்பாங்க.

செகண்ட் ஹேண்ட் படகுன்னு சொன்னதால இதை அழுத்திச் சொல்றேன், பிளேட்டுக்கு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டிரான்ஸத்தைப் பரிசோதிங்க. பழைய ஃபைபர் படகுல பெரும்பாலும் டிரான்ஸத்துக்குள்ள பிளைவுட் இருக்கும், போல்ட் ஓட்டை வழியா வருஷக்கணக்கா தண்ணி இறங்கினா வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள ஊறிப்போயிருக்கும். மோட்டாரை பாதி தூக்கி வெச்சு, கியர்கேஸைப் பிடிச்சு உடம்பு எடையைப் போட்டு மேலயும் கீழயும் ஆட்டுங்க, இன்னொருத்தரை டிரான்ஸத்தோட மேல் விளிம்பைப் பாக்கச் சொல்லுங்க. மோட்டாரோட பிராக்கெட்டு ஆடுறது வேற, டிரான்ஸமே வளையுறது வேற, வளைஞ்சா அங்கேயே நிறுத்திடுங்க. ஒரு சின்ன சுத்தியல் கைப்பிடியால தட்டிக்கிட்டே வாங்க, கணீர்னு கேக்குற சத்தம் ஒரு இடத்துல பொத்துன்னு மாறினா சந்தேகம்தான். மேல் போல்ட்டைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி விரிசல் இருந்தாலும், கீழ் போல்ட்டைக் கழட்டும்போது பழுப்பா தண்ணி கசிஞ்சாலும் முதல்ல டிரான்ஸத்தை சரி பண்ணுங்க, பிளேட் அப்புறம். 20 அடிக்கும் குறைவான படகுன்னா அமெரிக்க கோஸ்ட் கார்டு விதிப்படி கெப்பாசிட்டி பிளேட் ஒட்டியிருக்கும், அதிகபட்ச ஹெச்பியும், ஆள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்ந்த எடையும் அதுல இருக்கும், ஜாக் பிளேட்டோட எடையும் அந்தக் கணக்குக்குள்ளதான் வரும்.

ஹைட்ராலிக்கே வேணுமான்னு பாத்தா, மேனுவல் பிளேட் லேசு, விலை கம்மி, கெட்டுப்போக ஒண்ணுமில்ல, ஸ்பானர் வெச்சு உயரத்தை வெச்சுட்டா அங்கேயே நிக்கும். ஒரே ஏரி, ஒரே ஆள், ஒரே பாரம், ஆழமான தண்ணின்னா ஒரு நாள் உக்காந்து சரியான உயரத்தைக் கண்டுபிடிச்சுட்டு அதுலயே காலம் பூரா ஓட்டலாம், நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க, அதுல தப்பே இல்ல. ஹைட்ராலிக் தன் காசுக்கு வேலை செய்யுறது பாரமும் தண்ணியும் மாறிக்கிட்டே இருக்குறவங்களுக்கு. காலையில டேங்க் ஃபுல், ரெண்டு ஆள், மத்தியானம் பாதி டேங்க், லைவ்வெல் நிறைய தண்ணி. இறங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்த ஏரி திரும்பும்போது அலை அடிக்குது. நாணல் ஓரமா ரெண்டடித் தண்ணியில ஊர்ந்து போகணும். இதுக்கெல்லாம் ஒரே உயரம் ஒத்துவராது, பெரும்பாலான ஹைட்ராலிக் பிளேட் குடுக்குற 5, 6 இஞ்ச் ஏத்த இறக்கம் அங்கதான் உதவுது. கிளம்பும்போது முழுக்க இறக்கி வெச்சா ப்ராப் தண்ணியைக் கவ்வும், பிளேனுக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம், திரும்புறதுக்கு முன்னாடியும் அலை வந்தாலும் இறக்கலாம். நீங்க சொன்ன விவரத்துல பார்ட்னரோட டோர்னமெண்ட் போறதாவும் ஆழம் கம்மியான இடத்துல மீன் பிடிக்கிறதாவும் எழுதியிருக்கீங்க, உங்களுக்கு ஹைட்ராலிக் நியாயமான செலவுதான்.

கம்பெனின்னு வந்தா, நான் பேரைவிட பம்பு எங்க இருக்குன்னுதான் முதல்ல பாப்பேன். டி.எச். மரீனோட அட்லஸ் மாதிரி பிளேட்டுல பம்பும் சிலிண்டரும் பிளேட்டுக்குள்ளயே அடங்கியிருக்கும், படகுக்குள்ள ஹைட்ராலிக் ஹோஸ் எதுவும் ஓடாது, ஒயர் மட்டும் இழுத்தா போதும், மாட்டுறது சுலபம், பில்ஜுல (படகுக்குள்ள அடிப்பகுதியில) இடமே இல்லாத படகுக்கு இது பெரிய வசதி. பாப்ஸ் மெஷின் ஷாப் மாதிரி ஆளுங்க செய்யுறதுல பம்பு தனியா பில்ஜுல உக்காரும், டிரான்ஸம் வழியா ஹோஸ் போகும். இதுல வேலை கூட, ஓட்டை போடணும், ஆனா பம்பு தண்ணி அடிக்குற இடத்துல இல்லாம உள்ள காய்ஞ்ச இடத்துல இருக்கும், ரிப்பேர்னா மோட்டாரைத் தொடாமலே பம்பைக் கழட்டிடலாம். எது அதிக நாள் உழைக்கும்னு என்கிட்ட கேட்டா, நன்னீர்ல ரெண்டுமே நல்லாத்தான் உழைக்கிறதைப் பாத்திருக்கேன், உப்புத் தண்ணிக்கு அடிக்கடி போறவங்களுக்கு மட்டும் தனி பம்பு எடுங்கன்னு சொல்லுவேன். அதுக்கு மேல இது பெஸ்ட் அது வேஸ்ட்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் என் கையில தெரியல. உங்க பக்கத்துல யாரு ஸ்பேர் பார்ட் வெச்சிருக்காங்களோ அதையும் யோசிங்க, நடு சீசன்ல ஒரு சீல் கிட்டுக்கு ரெண்டு வாரம் காத்திருந்தா தெரியும்.

ரேட்டிங் பாக்கும்போது ஹெச்பி ஒண்ணு மட்டும் பாத்தா பத்தாது, எடை ரேட்டிங்கையும் பாருங்க. டூ ஸ்ட்ரோக் மோட்டார் காலத்துல வந்த பழைய டிசைன் பிளேட்டுல இன்னைக்கு இருக்குற ஃபோர் ஸ்ட்ரோக் எடையை ஏத்தினா ஸ்லைடு (பிளேட் மேல கீழ நகர்ற பாகம்) சீக்கிரம் தேயும். போல்ட் பேட்டர்ன் பத்தி பெருசா கவலை வேண்டாம், மேல் ஓட்டை ரெண்டும் 12 7/8 இஞ்ச், கீழ் ஓட்டை ரெண்டும் 9 7/8 இஞ்ச் இடைவெளியில இருக்குற பொது பேட்டர்ன்தான் பெரும்பாலும் வரும், இருந்தாலும் டேப் வெச்சு அளந்துடுங்க. பவர் போல் மாதிரி ஷாலோ வாட்டர் ஆங்கர் (ஆழம் கம்மியான தண்ணியில படகை நிறுத்துற கம்பம்) பின்னாடி போடுற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அதோட பிராக்கெட்டு பிளேட்டுக்கும் டிரான்ஸத்துக்கும் நடுவுல சாண்ட்விச் மாதிரி உக்காரும், போல்ட் நீளம் மாறும், ஒரே தடவையில மோட்டாரை இறக்கி ரெண்டையும் முடிச்சுடலாம். போல்ட்டுக்கு சீலண்ட் வைக்கும்போது 5200ங்குற வகை வேண்டாம், அது நிரந்தரமா ஒட்டிக்கிற சாமான், பின்னாடி கழட்டும்போது ஜெல்கோட்டையும் (படகோட மேல்பூச்சு) சேத்துப் பிச்சுக்கிட்டு வரும், பாலிசல்ஃபைடு வகையோ 4200ஓ போதும்.

மாட்டி முடிச்ச அன்னைக்குச் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கு, இதை விட்டுட்டுத் தண்ணியில இறக்காதீங்க. பிளேட்டை முழுக்க மேல ஏத்தி, மோட்டாரை முழுக்க டில்ட் பண்ணி, ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி ரெண்டுக்கும் திருப்புங்க. அப்புறம் பிளேட்டை முழுக்க இறக்கி அதே மாதிரி. ஒவ்வொரு நிலையிலயும் ஃபியூயல் லைன், ஸ்டியரிங் ஹோஸ், பேட்டரி கேபிள், கண்ட்ரோல் ஒயர் எல்லாத்தையும் விரலால தொட்டுப் பாருங்க, எங்கயாவது நூல் மாதிரி இறுகி நிக்குதா, மடங்குதா, பிளேட்டோட நகர்ற விளிம்புல உரசுதான்னு. செட்பேக் 8 இஞ்ச்னா இதெல்லாமே 8 இஞ்ச் கூடுதல் நீளம் கேக்கும், அதோட ஏத்த இறக்கமும் சேரும், பழைய ஹோஸ் பத்தாம போக வாய்ப்பு அதிகம். ஸ்டியரிங் ஹோஸ் இறுகினா அது ஓட்டும்போது பிச்சுக்கும், மணிக்கு 60 மைல்ல ஸ்டியரிங் போறதை நினைச்சுப் பாருங்க. மோட்டார் கவர் ஸ்பிளாஷ்வெல் (டிரான்ஸத்துக்கு முன்னாடி இருக்குற பள்ளம்) விளிம்புல இடிக்குதான்னும் பாத்துக்கோங்க.

கரண்ட் விஷயம் சுருக்கமா. பம்பு 12 வோல்ட், ஸ்டார்டிங் பேட்டரியில இருந்து கிட்டுல குடுத்த பிரேக்கர் வழியாத்தான் எடுக்கணும், 24 அல்லது 36 வோல்ட் டிரோலிங் மோட்டார் பேட்டரி வரிசையில இருந்து இழுக்கக் கூடாது. பம்பை ஓட விடுற ரிலே (மின் ஸ்விட்சு) ரெண்டையும் தண்ணி தெறிக்காத உயரத்துல வைங்க, ஜாக் பிளேட் வேலை செய்யலன்னு வர்ற படகுல நான் முதல்ல பாக்குறது ரிலே முனையில பச்சை பிடிச்சிருக்கான்னுதான். ஸ்விட்சு ஸ்டியரிங் காலம்ல பிளிங்கர் மாதிரி இருக்குறது நல்லது, ஒரு பக்கம் ட்ரிம், இன்னொரு பக்கம் பிளேட், கால்ல த்ரோட்டில் இருந்தா ரெண்டு கையும் ஸ்டியரிங்கை விடவே வேண்டாம். உயரத்தைக் காட்டுற கேஜ் கண்டிப்பா போடுங்க, பின்னாடி திரும்பிப் பாத்து உயரத்தை ஊகிக்குறது வேகத்துல நடக்காது.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமானது, வாட்டர் பிரஷர் கேஜ். மோட்டாரைக் குளிர வைக்குற தண்ணி கியர்கேஸ் பக்கவாட்டுல இருக்குற ஓட்டை வழியாத்தான் உள்ள போகுது. மோட்டாரை மேல ஏத்த ஏத்த அந்த ஓட்டை தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல வரும், ஒரு கட்டத்துல தண்ணியோட காத்தையும் சேத்து உறிஞ்சும், பம்புக்குள்ள இருக்குற ரப்பர் இம்பெல்லர் காய ஆரம்பிக்கும். டெம்பரேச்சர் அலாரம் சூடு ஏறின பிறகுதான் கத்தும், பின்னாடி தண்ணி பீச்சுறது பிரஷர் குறைஞ்ச பிறகும் வந்துக்கிட்டே இருக்கலாம், உடனே சொல்றது பிரஷர் கேஜ் மட்டும்தான். பிளேட் புதுசா போட்டு முதல் வாரத்துலயே ஒருத்தர் படகு என்கிட்ட வந்துச்சு, ஸ்பீடு நல்லா வருதுன்னு சந்தோஷமா முழுக்க ஏத்தி வெச்சு நீளமா ஓட்டியிருக்கார், பிரஷர் கேஜ் இல்ல. இம்பெல்லரை வெளிய எடுத்தேன், ஆறு இறக்கையில மூணுதான் இருந்துச்சு, மீதி உதிர்ந்து தண்ணிப் பாதைக்குள்ள போய் அடைச்சிருந்துச்சு. அந்த மனுஷன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு, பிளேட்டுக்குக் குடுத்த காசைவிட அதிகமா மோட்டாருக்குக் குடுத்தார். புது மோட்டார்னா டிஜிட்டல் டிஸ்பிளேவுலயே பிரஷர் வரும், பழசுன்னா ஒரு மெல்லிசான டியூப் இழுத்து சாதா கேஜ் போடலாம், செலவு ரொம்பக் கம்மி. முதல்ல பிளேட்டை முழுக்க இறக்கி ஃபுல் த்ரோட்டில்ல எத்தனை பிஎஸ்ஐ வருதுன்னு எழுதி வைங்க, அதுதான் உங்க மோட்டாரோட ஆரோக்கியமான அளவு. ஏத்த ஏத்த அது மெதுவா குறையலாம், சட்டுனு விழுந்தாலோ ஊசி துடிச்சாலோ உடனே அரை இஞ்ச் இறக்குங்க. குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு உங்க மோட்டார் மேனுவல்ல இருக்குற நம்பரைத்தான் நம்பணும், யாரோ சொன்ன பொது நம்பரை இல்ல. மெர்குரி ஸ்போர்ட் மாஸ்டர் மாதிரி மூக்குல தண்ணி எடுக்குற கியர்கேஸ் இருந்தா இன்னும் மேல போகலாம், உங்க சாதா கியர்கேஸுக்கு அந்தப் படகுகளோட உயரத்தைக் காப்பி அடிக்காதீங்க.

உயரம்னு சொல்றப்ப எல்லாரும் ஒரே அளவைப் பேசணும், இல்லன்னா குழப்பம்தான். பாஸ் போட்ல அந்த அளவு ப்ராப் ஷாஃப்ட் மையம் பேடுக்கு எத்தனை இஞ்ச் கீழ இருக்குங்குறது. சமமான தரையில டிரெய்லரை நிறுத்தி, பேடுல ஒரு லெவலை வெச்சு, டிரெய்லர் ஜாக்கால ஏத்தி இறக்கி பேடை மட்டமாக்குங்க. அப்புறம் மோட்டாரை ட்ரிம் பண்ணி ப்ராப்புக்கு மேல இருக்குற தட்டையும் மட்டத்துக்குக் கொண்டு வாங்க. தரையில இருந்து பேடு அடி வரைக்கும் அளங்க, தரையில இருந்து ப்ராப் ஷாஃப்டோட நடுப்புள்ளி வரைக்கும் அளங்க, கழிச்சா வர்றதுதான் நம்பர். பேடு 22 இஞ்ச், ஷாஃப்ட் 18 1/2 இஞ்ச்னா நீங்க 3 1/2 இஞ்ச் கீழ இருக்கீங்க. சாதா கியர்கேஸோட ஒரு பாஸ் போட்டுக்கு 3லேருந்து 4 இஞ்ச் கீழங்குறது ஆரம்பிக்க நல்ல இடம். அங்கேருந்து கால் இஞ்ச் கால் இஞ்சா ஏத்திக்கிட்டே வாங்க, ஒவ்வொரு தடவையும் ஜிபிஎஸ் ஸ்பீடு, ஆர்பிஎம், பிரஷர் மூணையும் எழுதுங்க, காத்துக்கு எதிராவும் காத்தோடவும் ரெண்டு பக்கமும் ஓடி சராசரி எடுங்க. ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க, பிளேட்டையும் ப்ராப்பையும் ஒரே நாள்ல மாத்தினா எது குடுத்த ஸ்பீடுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

எப்ப நிறுத்தணும்னு ப்ராப் ஸ்லிப், அதாவது கணக்குப்படி போக வேண்டியதைவிட படகு எத்தனை சதவீதம் கம்மியா போகுதுங்குறது, சொல்லிடும். ஸ்பீடு பெருக்கல் கியர் ரேஷியோ பெருக்கல் 1056, அதை ஆர்பிஎம் பெருக்கல் பிட்ச்சால (ப்ராப் ஒரு சுத்துக்கு முன்னேற வேண்டிய இஞ்ச்) வகுத்து, ஒண்ணுல இருந்து கழிக்கணும். ஒரு உதாரணம்: 1.75 ரேஷியோ, 25 பிட்ச் ப்ராப், 5,800 ஆர்பிஎம்ல மணிக்கு 70 மைல்னா ஸ்லிப் 10.8 சதவீதம். கொஞ்சம் ஏத்தினதும் 5,900ல 72 மைல் வருது, ஸ்லிப் 9.8, நல்ல திசை. இன்னும் ஏத்தினா 6,100 ஆர்பிஎம், ஆனா ஸ்பீடு 71.5, ஸ்லிப் 13.4. இங்க ஆர்பிஎம் ஏறினதைப் பாத்து சந்தோஷப்படக் கூடாது, ப்ராப் காத்தைக் கலக்குது, ஒரு படி இறங்குங்க, உங்க உயரம் அதுதான்.

ப்ராப் இல்லாம பிளேட்டைப் பத்திப் பேச முடியாது. அலுமினியம் ப்ராப்பை மேல தூக்கினா கவ்வாது, உதறிக்கும், ஸ்டெயின்லெஸ் வேணும், அதுலயும் ரேக்கும் (இறக்கையோட பின்சாய்வு) கப்பும் (இறக்கை விளிம்போட வளைவு) நல்லா இருக்குற ப்ராப். மெர்குரியில டெம்பஸ்ட் பிளஸ், ஃபியூரி மூணு பிளேடு, பிராவோ ஒன் நாலு பிளேடு, இந்த மாதிரி மேல ஓடுறதுக்குன்னே செஞ்சது. பொதுவா நாலு பிளேடு கிளம்பும்போதும் அலையிலயும் நல்லா பிடிக்கும், டாப் ஸ்பீடுல மூணு பிளேடு கொஞ்சம் முந்தும். உங்க ஹல்லுக்கு எதுன்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும், முடிஞ்சா வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு ப்ராப் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்க.

எத்தனை மைல் கூடும்ங்குற கேள்விக்கு உறுதியான பதில் யாராலயும் குடுக்க முடியாது. மோட்டார் இப்ப ரொம்பத் தாழ்வா மாட்டியிருந்து, நேரா டிரான்ஸத்துல இருந்தா, பிளேட்டும் சரியான ப்ராப்பும் சேர்ந்து மணிக்கு 4, 5 மைல் வந்ததை நான் பாத்திருக்கேன். ஏற்கனவே ஒழுங்கா செட் பண்ணின படகுன்னா 1, 2 மைல், சில நேரம் ஒண்ணுமே இல்ல. ஸ்பீடுக்காக மட்டும் வாங்குறீங்கன்னா முதல்ல ஸ்டெயின்லெஸ் ப்ராப்பும் ஒரு மேனுவல் பிளேட்டும் போதுமான்னு யோசிங்க.

ஸ்பீடு வந்ததும் இன்னொண்ணு வரும். மோட்டார் மேல, படகு பேடு மேல மட்டும் நிக்கும், தண்ணியைத் தொடுற பரப்பு கம்மி, ஒரு பக்கம் சாஞ்சு இன்னொரு பக்கம் சாஞ்சு நடை போட ஆரம்பிக்கும், சைன் வாக் னு சொல்றது இதைத்தான். முதல் தடவை வரும்போது த்ரோட்டிலைச் சட்டுனு விடாதீங்க, கொஞ்சமா குறைச்சு, ட்ரிம்மைக் கொஞ்சம் உள்ள எடுங்க, அடங்கிடும். ஸ்டியரிங்ல ஆட்டம் இருந்தா பிளேட் போடுறதுக்கு முன்னாடியே ஹைட்ராலிக் ஸ்டியரிங்கை ஒழுங்கு பண்ணுங்க. கில் ஸ்விட்ச் லான்யார்டை (ஓட்டுறவர் விழுந்தா மோட்டாரை நிறுத்துற கயிறு) போடாம டெஸ்ட் ஓட்டம் ஓட்டவே வேண்டாம், அமெரிக்காவுல 2021 ஏப்ரல் 1லேருந்து 26 அடிக்குக் குறைவான படகுல பிளேன்ல ஓடும்போது அது சட்டப்படி கட்டாயம், சட்டம் இல்லாட்டியும் போட்டுத்தான் ஆகணும்.

பழைய ஹைட்ராலிக் பிளேட் கிடைக்குதுன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. அது இன்னும் மோட்டாரோட மாட்டியிருந்தா, பாதி உயரத்துக்கு ஏத்தி, நகர்ற தட்டுலயும் நிலையான தட்டுலயும் சேத்து ஒரு பென்சில் கோடு போட்டுட்டு மறுநாள் காலையில வந்து பாருங்க. கோடு விலகியிருந்தா சீல் அல்லது வால்வு கசியுது, சரி பண்ணலாம், விலையில கழிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஸ்கெக்கை (கியர்கேஸுக்குக் கீழ நீட்டிக்கிட்டு இருக்குற துடுப்பு) பிடிச்சு இடம் வலமா அசைச்சுப் பாருங்க, ஸ்லைடுல டொக்கு டொக்குன்னு ஆட்டம் இருந்தா பிளாஸ்டிக் பட்டை தேஞ்சிருக்கு, அந்த பார்ட் கிடைக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. அலுமினியத்துல வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி விரிசல் தெரிஞ்சா தொடவே வேண்டாம். புதுசோ பழசோ, மாட்டி முதல் சில மணி நேரம் ஓட்டின பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சால திரும்பப் பாருங்க. ரோட்டுல போகும்போது டிரான்ஸம் சேவர் (டிரெய்லர்ல மோட்டாரைத் தாங்குற கம்பி) போடுறது கட்டாயம்னே சொல்லுவேன், ஆனா அது மாட்டியிருக்கும்போது பிளேட் ஸ்விட்சைத் தொடாதீங்க, பம்பு தள்ளுற விசை அப்படியே அந்தக் கம்பியிலயும் கியர்கேஸ்லயும் போய் இறங்கும்.

நீங்க அளந்து பாத்துட்டு ப்ராப் ஷாஃப்ட் இப்ப பேடுக்கு எவ்வளவு கீழ இருக்கு, மோட்டாரோட ஷாஃப்ட் நீளம் 20 இஞ்சா 25 இஞ்சா, எந்த ப்ராப், ஃபுல் த்ரோட்டில்ல எத்தனை ஆர்பிஎம், டிரான்ஸம் ஆட்டிப் பாத்தப்ப என்ன தெரிஞ்சுதுன்னு எழுதுங்க. அது இருந்தா 8 இஞ்சா 10 இஞ்சான்னு இன்னும் தெளிவா சொல்ல முடியும்.